விர்ச்சுவல் மெஷினில் இன்ஸ்டால் நின்றுபோனால்: எந்த இடத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள்

கல்லூரியில் லினக்ஸ் லேப் தொடங்கிய வாரத்தில் கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கம் கணினி வேலை தெரிந்தவர்களுக்குப் போன் ஓயாது. "அண்ணே, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டேன், உபுண்டு ஏற மாட்டேங்குது" என்று தொடங்கும். "என்ன வருது தம்பி?" என்று கேட்டால், "என்னமோ இங்கிலீஷ்ல வருதுண்ணே. அழிச்சிட்டு மறுபடி போடட்டுமா?" என்று பதில் வரும். விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது ஒரு விர்ச்சுவல் மெஷினை, உருவாக்கித் தரும் மென்பொருள்; உபுண்டு லினக்ஸில் ஒரு வகை.

அழிக்க வேண்டாம். அழித்துவிட்டு அதே ஐ.எஸ்.ஓ. கோப்பை (இன்ஸ்டால் சிடியின் முழு நகலாக வரும் கோப்பு) அதே அமைப்பில் மறுபடி ஏற்றினால் அதே இடத்தில்தான் நிற்கும். எந்த இடத்தில் நின்றது என்பதுதான் இருக்கிற துப்புகளிலேயே பெரிய துப்பு. ஜன்னல் திறக்கும் முன்பே நின்றால் ஒரு காரணம், இன்ஸ்டாலர் பாதியில் நின்றால் வேறொரு காரணம், எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனபின் நின்றால் இன்னொன்று. இதில் பாதிக்கு மேல் உபுண்டுவின் குற்றமோ விண்டோஸின் குற்றமோ இல்லை. கோளாறு பயாஸிலோ (கணினி இயங்கத் தொடங்கும்போது, விண்டோஸுக்கு முன்பே வேலை செய்யும் அடிப்படை அமைப்பு) பென்டிரைவிலோ உங்கள் கணினியின் விண்டோஸிலோ இருக்கும். ஆகவே பிழைச் செய்தி வந்ததும் கையை எடுத்துவிட்டுப் போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே உள்ள வரிசையில் உங்களுடையது எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் பக்கத்து மாணவர்களிடம் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம் என்பதால் அதுவும் இப்போது பரவுகிறது. கோளாறுகளின் குணம் இரண்டிலும் ஒன்றுதான், மெனுவின் பெயர்தான் மாறும். உங்கள் கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஏற்றுவதைக் கெஸ்ட் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

## தொடங்கும் முன்: ரேம், இடம், ஐ.எஸ்.ஓ.

உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கு 4 ஜி.பி. ரேம், 25 ஜி.பி. டிஸ்க் வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. டிஸ்க், இரண்டு பிராசஸர் கோர். ஹோஸ்டில் மொத்தமே 8 ஜி.பி. என்றால் பாதியைத் தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது. தலைமடைக்காரர் வாய்க்காலை முழுதாகத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்வது போலத்தான் இதுவும். ஹோஸ்ட் விண்டோஸ் மூச்சுத் திணறினால் அதற்குள் ஓடும் கெஸ்டும் சேர்ந்தே நிற்கும். விர்ச்சுவல்பாக்ஸில் ரேம் கொடுக்கும் பட்டையில் பச்சை நிறம் முடியும் இடத்தைத் தாண்டாதீர்கள்.

கணினியில் 4 ஜி.பி.தான் இருக்கிறதா? 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினியை அக்காவிடமிருந்து தம்பி வாங்கி ஓட்டும் வீடுகள் இங்கே நிறைய. அதில் உபுண்டு டெஸ்க்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். உபுண்டுவின் எடை குறைந்த வடிவமான லுபுண்டு போடுங்கள். இல்லையென்றால் டெஸ்க்டாப் இல்லாத உபுண்டு சர்வர் போடுங்கள். ஷெல் கட்டளை பழகவும் சி நிரல் எழுதி ஓட்டவும் கறுப்புத் திரையே போதும். பரீட்சையிலும் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

அடுத்து ஐ.எஸ்.ஓ. இதில்தான் சற்று நிதானமாக நிற்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று அளந்து தரும் மொபைல் டேட்டாவில் 6 ஜி.பி.யை ஒட்டி வரும் உபுண்டு கோப்பை யாரும் ஒரே மூச்சில் இறக்க முடியாது. பிரவுசரில் இறக்கினால் நடுவில் அறுந்து, கோப்பு முழுசாக வந்தது போலவே ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். உபுண்டு தன் தளத்திலேயே டோரன்ட் கொடுக்கிறது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்வதோடு, ஒவ்வொரு துண்டையும் டோரன்ட் செயலியே சரிபார்த்துக்கொள்ளும். நம் ஊர் டேட்டாவுக்கு அதுதான் தோது.

பெரும்பாலோர் அதையும் செய்வதில்லை. நண்பனிடமிருந்து பென்டிரைவில் வாங்கி வருகிறார்கள். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. அதில் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. பென்டிரைவில் 32 ஜி.பி. காலியாக இருந்தாலும் "கோப்பு மிகப் பெரியது" என்றுதான் விண்டோஸ் சொல்லும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மேட் செய்தால் தீர்ந்தது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதை மறக்காமல், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வளைகாப்பு வீடியோ அதில்தான் இருக்கும்.

கோப்பு கைக்கு வந்ததும் அதைக் கணினியின் டிஸ்கில் காப்பி செய்துவிடுங்கள். பென்டிரைவில் வைத்தபடியே ஏற்றாதீர்கள், யு.எஸ்.பி. ஒரு நொடி ஆடினாலும் இன்ஸ்டால் கெடும். பிறகு, கோப்பு சேதமில்லாமல் வந்ததா என்று பார்க்க இதைச் செய்யுங்கள்:

1. 7-ஜிப் நிறுவியிருந்தால், ஐ.எஸ்.ஓ. மேல் ரைட் கிளிக் செய்து சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. மெனுவில் எஸ்.எச்.ஏ.-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்தினால்தான் இந்த மெனு தெரியக்கூடும்.
2. கணக்கிட்டு முடித்ததும் 64 எழுத்து, எண் கொண்ட ஒரு வரி வரும்.
3. உபுண்டுவானால் பதிவிறக்கப் பக்கத்தில் அதற்கென உள்ள செக்சம் கோப்பிலும், விண்டோஸ் 11 ஆனால் மைக்ரோசாஃப்டின் பதிவிறக்கப் பக்கத்திலும் அதே வரி இருக்கும். ஒப்பிடுங்கள்.

முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒன்றாக இருந்தால் நடைமுறைக்குப் போதும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள். இந்தச் சில நிமிட வேலையைச் செய்யாமல் ராத்திரி முழுக்க இன்ஸ்டாலரோடு சண்டை போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸே நிறுவ மறுத்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் கேட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதை முதலில் போடுங்கள். பைத்தான் இல்லை என்று எச்சரித்தால் பொருட்படுத்த வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸை நிரல் எழுதி இயக்குபவர்களுக்கு மட்டுமே அது தேவை.

## 64 பிட்டே காட்டவில்லை, அல்லது தொடங்கியதும் பிழை

புது மெஷின் உருவாக்கும்போது பட்டியலில் 32 பிட் மட்டுமே தெரிகிறது. அல்லது ஸ்டார்ட் அழுத்தியதும் "விடி-எக்ஸ்" என்ற சொல்லோடு ஒரு பிழை வந்து நின்றுவிடுகிறது. அல்லது ஜன்னல் திறந்து, இந்தக் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) 64 பிட் சி.பி.யு. வேண்டும், இங்கே ஐ686, அதாவது 32 பிட், தான் தெரிகிறது என்கிறது. மூன்றுக்கும் அடி ஒன்றுதான். பிராசஸரில் உள்ள மெய்நிகராக்க (விர்ச்சுவலைசேஷன்) வசதி பயாஸில் அணைந்திருக்கிறது. இன்டெல் அதற்கு வைத்த பெயர்தான் விடி-எக்ஸ்.

இந்த வசதியை இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் கொண்டுவந்துவிட்டன. ஆகவே இன்று கையில் இருக்கும் கணினியில் வசதி இல்லாமல் இருப்பது அபூர்வம். சுவிட்ச் போடாமல் இருப்பதே வழக்கம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், சி.பி.யு. என்று போனால் கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். "டிசேபிள்டு" என்று இருந்தால் பயாஸுக்குப் போக வேண்டியதுதான்.

போகும் முன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 வந்த புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் கை வைத்தால் அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து எழுதி வையுங்கள். கணினியைக் கடையில் வாங்கியபோது கடைக்காரரே தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் கீயும் அவர் கணக்கில்தான் இருக்கும். அப்படியென்றால் முதல் வேலை அவரைப் பார்ப்பது.

சரி, பயாஸ். கணினியை இயக்கியதும் டெல், ஏசர், ஏசுஸ் என்றால் எஃப்2, எச்.பி. என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். அட்வான்ஸ்டு, செக்யூரிட்டி, கான்ஃபிகரேஷன் இப்படி ஏதோ ஒரு பக்கத்தில் இன்டெல் கணினியில் "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" என்றும், ஏ.எம்.டி. கணினியில் "எஸ்.வி.எம். மோட்" என்றும் இருக்கும். எனேபிள் செய்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பிறகு வெறும் ரீஸ்டார்ட் செய்யாமல் முழுதாக அணைத்துவிட்டு இயக்குங்கள். சில கணினிகளில் அப்படிச் செய்தால்தான் மாற்றம் பிடிக்கும்.

டாஸ்க் மேனேஜரில் "எனேபிள்டு" என்றுதான் இருக்கிறது, ஆனாலும் கெஸ்ட் ஆமை வேகத்தில் போகிறது, உறைகிறது, சி.பி.யு. சிக்கிக்கொண்டது என்று உபுண்டு வரி வரியாகப் புலம்புகிறது என்றால் வேறு கதை. கெஸ்ட் ஜன்னலின் கீழ்ப்பட்டையில், சி.பி.யு. சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், பச்சை நிற ஆமை ஒன்று தெரிகிறதா? விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆமைப் படம்தான். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசஸர் வசதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குப் பின்னால் நின்று வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள்.

"நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே, என்னுடையது ஹோம் எடிஷன்" என்பார்கள். ஹோம் எடிஷனில் ஹைப்பர்-வி மேனேஜர் கிடையாதுதான். ஆனால் அடியில் உள்ள இயந்திரம் வேறு வழிகளில் விழித்துக்கொள்ளும். இந்த இடங்களைப் பாருங்கள்:

1. "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" என்று தேடித் திறந்து, ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் டிக்கையும் எடுங்கள்.
2. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போய் "மெமரி இன்டெக்ரிட்டி"யை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் ஆமைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.
3. அப்படியும் ஆமை போகவில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பி.சி.டி.எடிட் கட்டளையால் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் என்ற அமைப்பை ஆஃப் ஆக்குங்கள். திரும்ப வேண்டுமென்றால் அதே கட்டளையில் ஆட்டோ.

ஒவ்வொன்றுக்கும் பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.2-உம் டாக்கர் டெஸ்க்டாப்பும் ஓடாது, மெமரி இன்டெக்ரிட்டி தரும் பாதுகாப்பும் போகும். உங்களுக்கு லினக்ஸ் கட்டளை பழகுவது மட்டும்தான் தேவை என்றால், என் கருத்து, விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு டபிள்யூ.எஸ்.எல். போட்டுக்கொள்வதே மேல். லேப் ஆசிரியர் விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

ஹோஸ்டே லினக்ஸ் என்பவர்களுக்கு ஒரு வரி: கெர்னல் 6.12 முதல், லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான கே.வி.எம். மாட்யூல் ஏறிய உடனேயே பிராசஸர் வசதியை எடுத்துக்கொள்கிறது. விடி-எக்ஸ் வேறொன்றின் பிடியில் இருக்கிறது என்று பிழை வந்தால் அந்த மாட்யூலை இறக்கிவிட்டு விர்ச்சுவல்பாக்ஸைத் தொடங்குங்கள். எம்1 முதலான ஆப்பிள் சிப் வைத்த மேக் என்றால், சாதாரண இன்டெல் ஐ.எஸ்.ஓ. அங்கே ஆகாது, ஆர்ம் பதிப்பு ஐ.எஸ்.ஓ.தான் இறக்க வேண்டும்.

## ஜன்னல் திறக்கிறது, இன்ஸ்டாலர் வரவில்லை

கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் மீடியம்" என்று வந்தால், கெஸ்டின் சிடி டிரைவ் காலி அல்லது அதிலிருக்கும் ஐ.எஸ்.ஓ. அரைகுறை. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் என்று போய்ச் சிடி படத்துக்கு எதிரே கோப்பின் பெயர் இருக்கிறதா, "எம்ப்டி" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தும் வரவில்லை என்றால் மேலே சொன்ன 64 எழுத்துச் சோதனைக்குத் திரும்புங்கள்.

"ஷெல்" என்று மஞ்சள் எழுத்தில் ஒரு பிராம்ப்ட் வந்து நிற்கிறதா? விண்டோஸ் ஐ.எஸ்.ஓ. ஏற்றும்போது இது அடிக்கடி நடக்கும். "சிடியிலிருந்து பூட் ஆக ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்" என்று சில நொடிதான் காட்டும். அந்த நேரத்தில் மவுஸ் கெஸ்ட் ஜன்னலுக்குள் இல்லாவிட்டால் நீங்கள் அழுத்திய விசை ஹோஸ்டுக்குப் போய்விடும். மெஷின் மெனுவில் ரீசெட் கொடுத்து, உடனே ஜன்னலுக்குள் ஒரு கிளிக் செய்து, ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட மவுஸை வெளியே எடுக்க வலது பக்கக் கன்ட்ரோல் விசை.

பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புது பூட் முறையான இ.எஃப்.ஐ. வைப்பதா வேண்டாமா என்பதை இன்ஸ்டால் செய்யும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பயாஸ் முறையில் ஏற்றிவிட்டு நடுவில் இ.எஃப்.ஐ. டிக் போட்டால் நல்ல கெஸ்டும் பூட் ஆகாது. அப்படிச் செய்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, டிக்கை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 முதல் செட்டிங்ஸில் பேசிக், எக்ஸ்பர்ட் என்று இரண்டு பக்கம் இருக்கிறது. தேடும் அமைப்பு கண்ணில் படவில்லை என்றால் எக்ஸ்பர்ட்டுக்கு மாறுங்கள்.

## "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது"

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் இப்போது எல்லோரும் 11-ஐயே கேட்கிறார்கள். அது டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் அமைப்பு) இரண்டையும் கேட்கும். 2022 அக்டோபரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல்தான் இவை அதில் உள்ளன. 6.1 வைத்துக்கொண்டு குறுக்கு வழி தேடுகிறவர்கள் முதலில் 7-க்கு மாறுங்கள்.

மெஷின் உருவாக்கும்போது வகை "விண்டோஸ் 11 64 பிட்" என்று இருந்தால் இவற்றை அதுவே அமைத்துக்கொள்ளும். "அதர்" என்றோ "விண்டோஸ் 10" என்றோ இருந்தால், சிஸ்டம் பக்கத்தில் டி.பி.எம். 2.0, இ.எஃப்.ஐ., செக்யூர் பூட் மூன்றையும் நீங்களே வையுங்கள். பிராசஸர் இரண்டு, ரேம் 4096, டிஸ்க் 64 ஜி.பி.க்குக் குறையாமல். விஎம்வேரில் டி.பி.எம். சேர்க்கும் முன் மெஷினுக்குக் கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்ய வேண்டும்; அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மெஷினும் போச்சு.

டிஸ்கைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் பட்டியலே காலியாக இருந்தால், டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் இல்லை என்று பொருள். கே.வி.எம். பயன்படுத்துகிறவர்கள் விர்ட்டையோ என்ற மெய்நிகர் வகை டிஸ்க் வைத்தால் இது நிச்சயம் வரும். விர்ட்டையோ டிரைவர் ஐ.எஸ்.ஓ.வை இரண்டாவது சிடியாகப் பொருத்தி, "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

## தானாக ஏற்றிவிடும் வசதி செய்யும் வம்பு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் ஐ.எஸ்.ஓ.வைக் காட்டியதும், ஆளில்லா இன்ஸ்டால் என்ற முறையில் அதுவே எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுக்கொண்டு போய்விடும். முடிந்தபின் பயனர் பெயர் கேட்கும்போது மாணவர் விழிப்பார். பெயர் "விபாக்ஸ்யூசர்", கடவுச்சொல் "சேஞ்ச்மீ", நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால். உள்ளே போனாலும், நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோ வேலை செய்யாது. இந்தப் பயனர் சூடோ பட்டியலில் இல்லை என்று திட்டும். விண்டோஸ் ஏற்றினால் "மென்பொருள் உரிம விதிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று நின்றுவிடும். விஎம்வேரின் ஈஸி இன்ஸ்டாலிலும் இதே பிழை வரும். அங்கே மெஷினில் ஒட்டியிருக்கும் ஃப்ளாப்பி டிரைவை நீக்க வேண்டும்.

முதல் பக்கத்திலேயே "ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்" என்பதில் டிக் வைத்துவிட்டால் இந்த வம்பு எதுவும் இல்லை. சில பதிப்புகளில் வாசகம் தலைகீழாக, "தொடரவா" என்ற பொருளில் இருக்கும்; அங்கே டிக்கை எடுக்க வேண்டும். படித்துவிட்டுச் செய்யுங்கள். மாட்டிக்கொண்டவர்கள் மெஷினை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றலாம். அழிக்கச் சொல்லி நான் சம்மதிக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று.

## பாதியில் நிற்கிறது

முதலில் நிற்கிறதா, மெதுவாகப் போகிறதா என்று பிரித்துப் பாருங்கள். கெஸ்ட் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஹார்ட் டிஸ்க் சின்னம் ஒன்று உண்டு; கெஸ்ட் எழுதும்போதும் படிக்கும்போதும் அது மினுக்கும். மினுக்கிக்கொண்டிருந்தால் திரை அசையாவிட்டாலும் வேலை நடக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் எஸ்.எஸ்.டி.யைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரமாக ஒரு மினுக்கலும் இல்லை என்றால்தான் நின்றுவிட்டது.

"ஸ்குவாஷ்எஃப்எஸ்" என்ற சொல்லோடு படிக்க முடியவில்லை என்று உபுண்டு சொன்னாலும், 80070570 என்று முடியும் எண்ணை விண்டோஸ் காட்டினாலும் ஐ.எஸ்.ஓ. கெட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு இன்ஸ்டாலர் ஏதோ கோப்புகளை இணையத்திலிருந்து எடுக்கிறேன் என்று நின்றால் உங்கள் டேட்டா தீர்ந்திருக்கும். நெட்வொர்க் அமைப்பில் "கேபிள் கனெக்டட்" டிக்கை எடுத்துவிட்டால் அது காத்திருப்பதை விட்டுவிட்டு மேலே போகும்; அப்டேட்டை அப்புறம் செய்துகொள்ளலாம்.

கெஸ்ட் தானாக இடைநின்று, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால், நிரம்பியது ஹோஸ்டின் டிரைவ். கெஸ்டுக்கு 25 ஜி.பி. என்று எழுதிக் கொடுத்தாலும் டைனமிக் டிஸ்க் வளர வளரத்தான் உண்மையான இடத்தைப் பிடிக்கும். சி டிரைவில் 10 ஜி.பி.தான் காலி என்றால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் இடம் ஒழித்துவிட்டு மெஷினை மறுபடி ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெளி ஹார்ட் டிஸ்கில் வைக்கிறீர்கள் என்றால் அங்கேயும் ஃபேட்32 ஆகாது. ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரிலும் வைக்காதீர்கள். கெஸ்ட் எழுத எழுத அது முழுக் கோப்பையும் மேலே ஏற்றப் பார்க்கும், இருக்கும் டேட்டாவும் காலி.

"டிஸ்கை முழுதும் அழித்துவிட்டு நிறுவவா?" என்று உபுண்டு கேட்கும்போது பலருக்குக் கை நடுங்கும். தைரியமாகச் சரி சொல்லுங்கள். அது அழிப்பது நீங்கள் உருவாக்கிய அந்தப் பொய் டிஸ்கை மட்டும்தான். உங்கள் சி டிரைவ் இருப்பதே அதற்குத் தெரியாது.

இன்ஸ்டாலரின் "நெக்ஸ்ட்" பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துபோனால், ஆல்ட் விசையையும் எஃப்7-ஐயும் அழுத்தி மவுஸை நகர்த்தினால் ஜன்னல் மேலே வரும்.

## நடுவில் கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும், அன்று இந்த வேலையை எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அறிவிப்பில்லாமலும் போகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மடிக்கணினியில் பேட்டரி தேறும் என்றால் கெஸ்ட் ஜன்னலை மூடும்போது "சேவ் தி மெஷின் ஸ்டேட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் நடுவில் இருந்தாலும் அப்படியே உறைந்து, பிறகு தொடரும். டெஸ்க்டாப் கணினி யு.பி.எஸ். இல்லாமல் பட்டென்று அணைந்துவிட்டால், பாதி ஏறிய கெஸ்டை நம்ப வேண்டாம். அதே மெஷினில் ஐ.எஸ்.ஓ.வைப் பொருத்தி முதலிலிருந்து ஏற்றுங்கள்.

கரண்ட் வந்தபின் விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்தால் மெஷின் பெயருக்குப் பக்கத்தில் "இன்அக்சசிபிள்" என்று காட்டுவதும் உண்டு. ஏற்கெனவே நன்றாக ஓடிய மெஷினாக இருந்தால் வயிற்றைக் கலக்கும். மெஷினின் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். விபாக்ஸ் என்று முடியும் சிறிய கோப்பு பூஜ்ஜிய அளவில் இருக்கும். பக்கத்திலேயே அதே பெயரில் "விபாக்ஸ்-ப்ரெவ்" என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அது முந்தைய நகல். விர்ச்சுவல்பாக்ஸை மூடிவிட்டு, கெட்ட கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தி, ப்ரெவ் கோப்பை ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் பெயரிலிருந்து "-ப்ரெவ்" பகுதியை நீக்குங்கள். திறந்தால் மெஷின் பழையபடி நிற்கும். டிஸ்க் கோப்பு கெட்டிருக்காது என்பதால் பெரும்பாலும் எல்லாம் திரும்பிவிடும்.

## முடிந்தபின் வரும் கோளாறுகள்

ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி இன்ஸ்டாலரே வருகிறது என்றால் சிடியில் ஐ.எஸ்.ஓ. இன்னும் இருக்கிறது. டிவைசஸ் மெனுவில் ஆப்டிகல் டிரைவ்ஸ் போய் நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

திரை கறுப்பாக நின்றால் மெஷினை அணைத்து, டிஸ்பிளே பக்கத்தில் வீடியோ மெமரியை 128 எம்.பி. ஆக்கி, 3டி ஆக்சலரேஷன் டிக்கை எடுங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ. உபுண்டுவின் முதல் மெனுவில் "சேஃப் கிராஃபிக்ஸ்" என்ற வழியும் இருக்கிறது.

திரை அளவு, ஷேர்டு ஃபோல்டர் போன்றவற்றுக்காகக் கெஸ்டுக்குள் போடும் கெஸ்ட் அடிஷன்ஸ் ஏறாமல் போனால், லினக்ஸில் கம்பைலரும் கெர்னல் ஹெடர்களும் இல்லை. பில்டு-எசென்ஷியல், டி.கே.எம்.எஸ்., உங்கள் கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு மூன்றையும் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டெபியனில் இன்ஸ்டாலின்போது ரூட் கடவுச்சொல் கொடுத்திருந்தால் உங்கள் பயனருக்குச் சூடோ இருக்காது. ரூட்டாக நுழைந்துதான் சேர்க்க வேண்டும்.

நண்பன் தந்த டிஸ்க் கோப்பைப் பொருத்தும்போது அதே யு.யு.ஐ.டி. (டிஸ்கின் தனி அடையாள எண்) ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால், ஒரே கோப்பின் இரண்டு நகல்கள் உங்களிடம் பதிவாகியிருக்கின்றன. மீடியா மேனேஜரில் பழையதை நீக்குங்கள். அடுத்த முறை டிஸ்க் கோப்பை அப்படியே கேட்காமல், அப்ளையன்ஸாக (மெஷின் முழுவதையும் ஒரே தொகுப்பாக) எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள்.

## அச்சகத்துக்கு எக்ஸ்பி

மாணவர்களுக்கு அடுத்தபடியாக இந்த உதவி கேட்பவர்கள் அச்சகக்காரர்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துச் சிறிய அச்சகங்களில் முகூர்த்த மாதம் வந்தால் பத்திரிகை வேலை குவியும். பல ஆண்டுகளாகச் சேர்த்த பத்திரிகை மாதிரிகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 கோப்புகளாக, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். 2001-இல் வந்த மென்பொருள் அது. பழைய எக்ஸ்பி கணினி மண்டையைப் போட்டதும் புதுக் கணினியில் அது சரியாக ஓடாமல், "தம்பி, அதே மாதிரி வேணும்ப்பா" என்று வந்து நிற்பார்கள். இதற்கு விர்ச்சுவல் மெஷின் நல்ல தீர்வு.

எக்ஸ்பி இன்ஸ்டாலர் நீலத் திரையில் "ஹார்ட் டிஸ்க் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று சொல்லி நிற்கும், அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு விழும். சாட்டா கன்ட்ரோலருக்கான டிரைவர் எக்ஸ்பியில் கிடையாது என்பதே காரணம். ஸ்டோரேஜ் பக்கத்தில் சாட்டாவை நீக்கி, ஐ.டி.இ. கன்ட்ரோலரைச் சேர்த்து, டிஸ்கை அதில் மாட்டுங்கள். யு.எஸ்.பி. 3.0-உம் அதற்குத் தெரியாது; 1.1 அல்லது 2.0 வையுங்கள். ரேம் 1 ஜி.பி. தாராளம்.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டது. ஆகவே நெட்வொர்க் அடாப்டரையே நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை ஹோஸ்டில் இறக்கி, ஷேர்டு ஃபோல்டர் வழியாக உள்ளே அனுப்பலாம். எழுத்துருக்கள், பேஜ்மேக்கர், பிரின்டர் எல்லாம் சரியாக அமைந்ததும் மெஷினை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். அதோடு மெஷின் ஃபோல்டரை முழுதாக என்.டி.எஃப்.எஸ். வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து அச்சகக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்கில்தான் என்பதால், டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்தே போகும்.

## எதிலும் சேராத பிழை என்றால்

மெஷின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து "ஷோ லாக்" கொடுங்கள். நீளமான கோப்பு, முழுதும் படிக்கத் தேவையில்லை. என்.இ.எம். என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள்; விடி-எக்ஸ் கிடைக்காமல் அதற்கு இறங்குகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது மேலே சொன்ன ஆமைக் கதைதான். இல்லையென்றால் "வி.இ.ஆர்.ஆர்." என்று தொடங்கும் சொற்களைத் தேடுங்கள். கடைசியாக வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, ஹோஸ்ட் விண்டோஸின் பதிப்பு, விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு, ஐ.எஸ்.ஓ.வின் முழுப் பெயர், எந்தக் கட்டத்தில் நின்றது என்ற நான்கையும் சேர்த்து யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் இந்த நான்கும் கையில் இருந்தால் எந்த அண்ணனும் அலுத்துக்கொள்ள மாட்டார்.